கரிசல் ஜமீன்கள் – 14: பதினேழரை ரூபாய்

இதுவரை: 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். பாஞ்சாலங்குறிச்சிச் சீமையின் ஊர்கள் சில எட்டயபுரத்தின் கைக்குப் போயின. 1803-ல் பாளையம் ஜமீனாயிற்று. வேலும் வாளும் ஏந்தியவர்கள் பேஷ்குஷ் என்ற கப்பம் கட்டும் நிலப்பிரபுக்களானார்கள். 1860-களில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டபோது லிவர்பூல் வியாபாரிகள் திருநெல்வேலிப் பருத்தியைத் தேடி வந்தார்கள். 1876-ல் கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடிக்கு ரயில் ஓடியது. கரிசலில் காசு புழங்கத் தொடங்கியது.

இந்த வாரம் எட்டயபுரம் அரண்மனையை நம்பியிருந்த ஒரு சின்னக் குடித்தனத்தின் கதை. கணவருக்கு வயது இருபது, மனைவிக்குப் பதின்மூன்று. இரண்டு ஆண்டுகூட நீடிக்காத அந்த எட்டயபுரத்துக் குடித்தனத்தை, பாரதியின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே பத்தியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். காசிக்கும் சென்னைக்கும் நடுவில் வண்டி சற்று நின்ற நிலையமாகவே அது அவர்கள் கண்ணுக்குப் படுகிறது. ஆனால், பாரதி என்ற பத்திரிகைக்காரர் உருவானதற்கான காரணம் அந்த வீட்டு அடுப்படியில்தான் கிடக்கிறது என்பது இந்த அத்தியாயத்தின் வாதம்.

கடையத்துப் பெண்

1897 ஜூன் 15. எட்டயபுரம் சின்னசாமி ஐயரின் மகன் சுப்பிரமணியனுக்கும் கடையம் செல்லப்பா ஐயரின் மகள் செல்லம்மாளுக்கும் கல்யாணம். மாப்பிள்ளைக்குப் பதினான்கரை வயது. திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த நேரம். பெண்ணுக்கு ஏழு. பிற்காலத்தில் தம் கதையைச் சுயசரிதைப் பாட்டாக எழுதியபோது, அப்பா தமக்குக் கல்யாணம் செய்துவைத்தது பன்னிரண்டாம் வயதில் என்கிறார் பாரதி. வரலாற்றாசிரியர்களின் கணக்கு அதோடு ஒத்துப்போகவில்லை. எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும் நடந்தது குழந்தைக் கல்யாணம்தான். நாடே கொதித்து விவாதித்த 1891-ஆம் ஆண்டுச் சட்டம் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தியதே தவிர, கல்யாண வயதைத் தொடவில்லை. அதைத் தொட்ட சாரதா சட்டம் வர 1929 ஆயிற்று. ஆகவே 1897-ல் இரு வீட்டுப் பெரியவர்களும் ஊரும் இதை மங்கல காரியமாகவே பார்த்தார்கள். அந்த ஏற்பாட்டைப் பாட்டிலும் கட்டுரையிலும் கடுமையாகச் சாடியவர் பின்னாளில் அந்த மாப்பிள்ளைதான்.

செல்லப்பா ஐயர் எதைப் பார்த்துப் பெண் கொடுத்தார்? கடையம் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்து ஊர். ராமநதி பாயும் நஞ்சைப் பூமி. நெல் விளையும், தென்னை நிற்கும். அங்கிருந்து வானம் பார்த்த கரிசலுக்கு, கம்பும் சோளமும் பருத்தியும் விளைகிற, கோடையில் கால் விரல் நுழையும் அளவுக்கு நிலம் வெடித்துக் கிடக்கிற சீமைக்குப் பெண்ணைக் கொடுப்பதென்றால், அதை ஈடுகட்ட வேறு ஏதாவது இருந்திருக்க வேண்டும். இருந்தது. சின்னசாமி ஐயர் அரண்மனைக்கு வேண்டியவர். கணக்கிலும் இயந்திரத்திலும் கைதேர்ந்தவர். எட்டயபுரத்தில் பருத்தி அரவை ஆலை வைத்தவர். பிள்ளையோ சிறுவயதிலேயே சமஸ்தானப் புலவர்கள் சபையில் ‘பாரதி’ என்று பட்டம் வாங்கியவன். அரண்மனைச் செல்வாக்கு, ஆலை, படிப்பு மூன்றும் ஒரே வீட்டில் இருந்தன. அன்றைய திருநெல்வேலிச் சீமையில் இதைவிட நல்ல சம்பந்தம் எளிதில் அமையாது.

ஆனால் ஒரு தேதி இடிக்கிறது. கல்யாணத்துக்கு ஐந்து மாதம் முன்பு, 1897 ஜனவரி 24 அன்று, அதே மாப்பிள்ளைப் பையன் எட்டயபுரம் மன்னருக்குச் செய்யுளில் ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறான். மேற்கொண்டு படிக்கப் பொருளுதவி வேண்டும் என்பது அதன் சாரம். ஆலை வைத்திருக்கிற அப்பாவின் பிள்ளை படிப்புச் செலவுக்கு அரண்மனையை ஏன் கேட்க வேண்டும்? புலவர்கள் மன்னருக்குச் சீட்டுக்கவி எழுதுவது அன்றைய மரபுதானே, பையன் புலமையைக் காட்ட எழுதியிருப்பான் என்று சொல்லலாம். அதில் பாதி உண்மை இருக்கலாம். செய்யுள் வடிவம் மரபு. கேட்ட விஷயம் மரபல்ல. மானியமும் சால்வையும் கேட்கிற வழக்கமுள்ள இடத்தில் இவன் கேட்டது பள்ளிக்கூடச் செலவு. கல்யாணப் பந்தல் போடுவதற்கு முன்பே அந்த வீட்டின் கால் ஆடத் தொடங்கிவிட்டது என்றுதான் இதற்குப் பொருள் கொள்ள முடியும். பெண் வீட்டார் கண்ணில் பட்டது செல்வாக்கு. உள்ளே நடந்துகொண்டிருந்தது சரிவு.

ஆலை நின்ற நாள்

கரிசல் பருத்தியின் கணக்கை ஒரு நிமிடம் பார்க்காவிட்டால் இந்தச் சரிவு புரியாது. செடியில் வெடித்த பருத்தியைப் பறித்தால் பாதிக்கு மேல் கொட்டையின் எடைதான். கொட்டையோடு தூத்துக்குடி வரை வண்டியில் ஏற்றுவது வீண் கூலி. அதனால் கொட்டையை நீக்கிப் பஞ்சாக அனுப்புகிறவன் கையில்தான் லாபம் தங்கும். வீட்டுத் திண்ணையில் கை மணையை வைத்துப் பெண்கள் செய்த வேலை அது. அதை இயந்திரத்துக்கு மாற்றினால் கரிசலின் லாபம் கரிசலிலேயே நிற்கும் என்று சின்னசாமி ஐயர் போட்ட கணக்கு தப்பானதல்ல. கோவில்பட்டி வட்டாரத்தில் பிற்காலத்தில் எத்தனையோ அரவை ஆலைகள் அந்தக் கணக்கில்தான் எழுந்தன.

கணக்கு சரி, காலம் சரியில்லை. அந்தப் பத்து வருடங்களில் மாவட்டத்தின் பஞ்சைச் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தவர்கள் ஹார்வி சகோதரர்கள். 1885-ல் பாபநாசத்தில் ஆலை, 1888-ல் தூத்துக்குடியில் ஆலை, 1892-ல் மதுரையில் ஆலை. இயந்திரம் அவர்கள் நாட்டுச் சரக்கு, கப்பல் அவர்களுடையது, அரசாங்கமும் அவர்களுடையது. ரயில் நிலையத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கிற எட்டயபுரத்தில், கடனிலும் பங்குப் பணத்திலும் நின்ற ஆலையில் ஒரு சக்கரம் உடைந்தால் மாற்றுச் சக்கரம் சீமையிலிருந்துதான் வர வேண்டும். ஆலை நொடித்தது. சுயசரிதைப் பாட்டில் பாரதி இதற்கு இரண்டு காரணங்களைச் சொல்கிறார். பொருள் சேர்ப்பதே மேலான தொழில் என்று அப்பா நம்பிவிட்டது ஒன்று, அந்நியர் செய்த சதி இன்னொன்று. மகன் அப்பாவை மன்னிக்கவும் இல்லை, முழுக் குற்றத்தையும் அவர் தலையில் கட்டவும் இல்லை. நிதானமான தீர்ப்பு என்றே சொல்ல வேண்டும்.

1898-ல் சின்னசாமி ஐயர் காலமானார். கல்யாணமாகிச் சரியாக ஓராண்டுதான் ஆகியிருந்தது.

சம்பந்தம் பேசியபோது இருந்த மூன்றில் ஆலை போயிற்று, ஆலையோடு அப்பாவும் போனார். படிப்பு பாதியில் நின்றது. மிஞ்சியது அரண்மனைச் செல்வாக்கு ஒன்றுதான். பதினைந்து வயதுப் பையனை அத்தை குப்பம்மாள் காசிக்கு அழைத்துக்கொண்டார். எட்டு வயதுப் பெண் கடையத்தில் இருந்தாள். காசியின் அனுமன் கட்டத்தில் வடமொழியும் இந்தியும் படித்து, அலகாபாத் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் முதல் வகுப்பில் தேறி, தலைப்பாகை கட்டி, மீசை வைத்து அவர் வேறு ஆளாகிக்கொண்டிருந்தார். ஊரில் வதந்தி வேறு. பிள்ளை தவறான வழியில் போகிறான், இனித் திரும்பமாட்டான் என்று சுற்றத்தார் பேச, பயந்துபோன செல்லம்மாள் காசிக்குக் கடிதம் எழுதினார். 1901-ல் வந்த பதில் அச்சில் கிடைக்கிறது. கவலைப்படாதே, நான் தவறான காரியம் செய்கிறவனல்ல என்று ஆறுதல் சொல்லிவிட்டு, கவலை வரும் நேரங்களில் தமிழை நன்றாகப் படித்துவந்தால் மகிழ்வேன் என்று முடிக்கிறார்.

அந்தப் பதிலைக் கணவரின் அன்புக்குச் சான்றாக எல்லோரும் காட்டுவார்கள். நியாயம்தான். ஆனால் அதில் இல்லாத ஒன்றும் கவனத்துக்கு உரியது. எப்போது வருவேன், எங்கே குடித்தனம், எதை வைத்துப் பிழைப்பு என்பது பற்றி ஒரு சொல் கிடையாது. சொல்லவும் வழியில்லை. பதினெட்டு வயதுப் பையனிடம் அதற்கான பதில் இல்லை. பதினொரு வயதுப் பெண்ணுக்குக் கணவரிடமிருந்து வந்த முதல் சொத்து, படி என்ற யோசனை.

படியளக்கும் அரண்மனை

பதில் அரண்மனையிலிருந்து வந்தது. ஏழாம் எட்வர்டு முடிசூடியதைக் கொண்டாட 1903 ஜனவரியில் தில்லியில் தர்பார் நடந்தது. அதையொட்டி வடக்கே போன எட்டயபுரம் மன்னர் காசியில் பாரதியைப் பார்த்து, ஊருக்கே வந்துவிடும்படி அழைத்தார் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரலாறு. பாரதி வந்தார். செல்லம்மாளும் கடையத்திலிருந்து வந்தார். கல்யாணமாகி ஐந்தாறு ஆண்டு கழித்து, எட்டயபுரம் ஜமீனின் நிழலில் குடித்தனம் தொடங்கியது.

வேலை என்ன? மன்னருக்குப் பத்திரிகை படித்துக் காட்டுவது, நூல்களைப் பற்றிப் பேசுவது, சபையில் உடனிருப்பது. இதை வேலை என்று சொல்வதா, உபசாரம் என்று சொல்வதா என்று அங்கே யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. அதுதான் சிக்கலே. வேலைக்குக் கூலி உண்டு. உபசாரத்துக்குச் சன்மானம்தான் உண்டு. கூலி என்றால் நாள் தவறினால் கேட்கலாம். சன்மானம் கேட்டு வாங்குவதல்ல. மனம் குளிர்ந்தபோது வருவது. ராஜா ‘படியளக்கிறார்’ என்று தமிழில் சொல்கிறோமே, அதில் அளவு யார் கையில் இருக்கிறது என்பதும் சேர்ந்தே வருகிறது.

இங்கே ஒரு சீமைக் கதை உதவும். இங்கிலாந்தில் அரசர் மனநலம் குன்றியிருக்க, 1811 முதல் 1820 வரை இளவரசர் அவர் சார்பில் ஆண்ட காலத்தை ரீஜன்ஸி என்பார்கள். 1813-ல் ஜேன் ஆஸ்டின் வெளியிட்ட ‘பிரைட் அண்ட் ப்ரெஜூடிஸ்’ நாவல் அந்தக் காலத்துக் கிராமத்து எஸ்டேட்டுகளின் கல்யாணக் கதை. அதில் எந்த ஆண்பிள்ளை அறிமுகமானாலும் அவனுக்கு ஆண்டு வருமானம் எத்தனை ஆயிரம் பவுண்டு என்பது கூடவே வந்துவிடும். அதில் வரும் காலின்ஸ் என்ற பாதிரியார், லேடி கேத்தரின் என்ற சீமாட்டியின் தயவில் அவள் எஸ்டேட்டை ஒட்டிப் புதுக்குடித்தனம் நடத்துகிறார். சீமாட்டி வீடு தேடி வந்து, மேசை நாற்காலி போட்டிருக்கும் விதத்தில்கூடக் குற்றம் கண்டுபிடிப்பாள். புது மனைவி ஷார்லட் எல்லாவற்றையும் சிரித்துச் சமாளித்துக்கொண்டு கோழிகளைக் கவனிக்கிறாள். அவளால் அப்படிச் சமாளிக்க முடிந்ததற்குக் காரணம் உண்டு. பாதிரியார் பதவி ஒருமுறை கொடுத்துவிட்டால் ஆயுளுக்கும் அவருடையது. சீமாட்டி முகம் சுளித்தாலும் அடுப்பு அணையாது. எட்டயபுரத்துக் குடித்தனத்துக்கு அந்தக் காப்பு இல்லை.

இன்னொன்றும் உண்டு. கரிசலில் எல்லோருக்குமே ஆண்டுக்கு ஒருமுறைதான் பணம். புரட்டாசி ஐப்பசியில் விதைத்து, மாசி பங்குனியில் பருத்தி வெடித்து, அது விலையான பிறகே கடைப் பற்று தீரும். சம்சாரி அந்த நம்பிக்கையில் கடன் வாங்குவான். செட்டியாரும் அந்த நம்பிக்கையில் கொடுப்பார். அரண்மனைப் புலவரின் வீட்டுக்கு வெடிக்கப் பருத்தி ஏது? அவர் பேரில் பற்று எழுதுகிற கடைக்காரர் மன்னரின் மனத்தையல்லவா ஈடாகப் பிடிக்க வேண்டும்.

இந்த ஏற்பாடு வீட்டுக்குள் எப்படி நுழைந்தது என்பதற்குச் செல்லம்மாள் சொன்ன ஒரு சம்பவம் போதும். பாரதி ஒருமுறை மன்னரோடு சென்னைக்குப் போகிறார். கை நிறையப் பணம் கிடைக்கிறது. வீட்டுக்கு என்னென்ன வாங்கிவருவார் என்று மனைவி காத்திருக்கிறார். வாசலில் வண்டி வந்து நிற்கிறது. மூட்டை மூட்டையாக இறங்குகிறது. பிரித்தால் புத்தகங்கள். மூட்டைக்கு மேல் மூட்டையாகத் தமிழும் ஆங்கிலமும். அவற்றோடு செல்லம்மாளுக்கு ஒரு புடைவை.

கேட்கிறவர்கள் இதை மேதையின் கிறுக்கு என்று சிரித்துவிட்டுப் போவார்கள். கொஞ்சம் நின்று யோசித்தால், சன்மானப் பணத்தின் குணமே இதில் தெரிகிறது. அடுத்த மாதம் முதல் தேதி இத்தனை ரூபாய் வரும் என்று தெரிந்தவன் அரிசிக்கு இவ்வளவு, எண்ணெய்க்கு இவ்வளவு என்று பிரிப்பான். எப்போது வரும், எவ்வளவு வரும் என்று தெரியாத பணம் கைக்கு வரும்போது அது திருவிழாப் பணம். திருவிழாப் பணத்தில் யாரும் உப்பு புளி வாங்குவதில்லை. பாரதி பிறவியிலேயே பணத்தை மதிக்காதவர், சென்னையில் சம்பளம் வாங்கிய காலத்திலும் அப்படித்தான் இருந்தார் என்று எதிர்வாதம் வரும். மறுப்பதற்கில்லை. ஆனால் இருபது வயதில், முதல் குடித்தனத்தில், வீட்டுச் செலவைத் திட்டமிடும் வாய்ப்பே ஒருவருக்குத் தரப்படவில்லை என்றால், பிறகு அவர் கையில் நின்ற பழக்கத்துக்கு முழுப் பொறுப்பையும் குணத்தின் மேல் போடுவது எப்படி?

அதே தெருவில் இன்னொரு வீடு

வாதத்துக்கு எதிரான பலமான சான்று எட்டயபுரத்திலேயே இருக்கிறது. அதே சமஸ்தானத்தில், அதே ஆண்டுகளில், இன்னொரு குடும்பம் சுகமாகத்தான் வாழ்ந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் எட்டயபுரத்தின் ஆஸ்தான வித்துவான். தம்பியைத் தேடி வந்த முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் இந்த ஊரில்தான் மறைந்தார். அவர் வரும் வழியில் அமிர்தவர்ஷிணி ராகம் பாடிக் காய்ந்த கரிசலில் மழை பெய்வித்தார் என்பது ஊர்க்கதை. பாலுசுவாமியின் சுவீகாரப் பிள்ளையாக வந்த சுப்பராம தீட்சிதர் வாழ்நாளெல்லாம் இந்த அரண்மனையின் ஆதரவில் இருந்தார். அவருடைய ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்ற மாபெரும் நூலை, தெலுங்கு எழுத்தில், சுமார் 1,700 பக்கம், எட்டயபுரம் வித்யா விலாசினி அச்சுக்கூடமே அச்சிட்டது. வெளிவந்த ஆண்டு 1904. அதாவது பாரதி ஊரை விட்டுக் கிளம்பிய அதே ஆண்டு.

ஆக, கலையை ஆதரிக்கத் தெரியாத அரண்மனை என்று எட்டயபுரத்தை ஒதுக்க முடியாது. கர்நாடக இசை கற்கிறவர்கள் இன்றும் அந்த நூலுக்காக அந்த ஜமீனுக்குக் கடன்பட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் இரண்டு வீடுகளுக்கும் என்ன வேறுபாடு? தீட்சிதர் வீட்டில் இருந்தது காப்பாற்றப்பட வேண்டிய சொத்து. தலைமுறை தலைமுறையாக வந்த உருப்படிகள், அவற்றைக் கையிருப்பாக வைத்திருக்கும் மனிதர். கையிருப்புக்குக் காவலாளியை நியமிக்க ஜமீன் முறைக்குத் தெரியும், ஏனென்றால் ஜமீனே அப்படிப்பட்ட சொத்துதான். சென்னை மாகாணத்து ஜமீன்களைப் பங்கு போடாமல் ஒரே வாரிசிடம் கட்டிக் காக்கும் சட்டமும் அதே 1904-ல்தான் நிறைவேறியது. பாரதி கொண்டுவந்தது கையிருப்பு அல்ல. எட்டயபுரத்தில் உட்கார்ந்துகொண்டு ஷெல்லி படித்தார். ‘ஷெல்லிதாசன்’ என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். அந்தக் கவிஞர் பெயரில் நண்பர்களைக் கூட்டிக் கழகம் நடத்தினார். அரசர்களை வெறுத்த ஓர் ஆங்கிலக் கவிஞரை அரசரின் சோற்றைத் தின்றுகொண்டு படித்தார் என்றால் கேலியாகத் தோன்றலாம். அந்த முரணுக்கு விலையைச் செலுத்தியது சமையற்கட்டு.

இரண்டாவது எதிர்வாதம்: பாரதி போனது சுயமரியாதையால், வீட்டுச் செலவைப் பேசி அதைச் சிறுமைப்படுத்தலாமா? இதற்குச் சான்றாகப் புதுச்சேரியில் எழுதி முற்றுப்பெறாமல் விட்ட ‘சின்னச் சங்கரன் கதை’யைக் காட்டுவார்கள். கவுண்டனூர் ஜமீன்தாரையும் அவரைச் சுற்றி உட்கார்ந்து வெற்றிலை மென்று புகழ் பாடும் கூட்டத்தையும் அதில் அவர் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறார். படிக்கச் சுகமான கதை. ஆனால் அது பல ஆண்டு கழித்து, தேசபக்தராகி, பத்திரிகை நடத்தி, நாடு கடந்து வாழ்ந்த மனிதர் திரும்பிப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. 1904-ல் இருபத்தொரு வயதுக் கணவர் என்ன நினைத்தார் என்பதற்கு அதைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது சரியல்ல. அப்படியே ஏற்றினாலும் அது என் வாதத்துக்குப் பகையில்லை. சுயமரியாதை வீட்டு வாசலுக்கு வெளியே மட்டும் இருக்கிற சாமான் அல்ல. கடைக்காரர் முன்னால் நிற்கும்போதும் அது உறுத்தும்.

மூன்றாவது: செல்லம்மாள் சொன்னதை எவ்வளவு நம்பலாம்? அவர் சொல்லி மகள் தங்கம்மாள் எழுத, அந்த வரலாறு அச்சேறியது 1941-ல். கணவர் மறைந்து இருபது ஆண்டு. எட்டயபுரத்துக் குடித்தனம் முடிந்து முப்பத்தேழு ஆண்டு. அதற்குள் பாரதி நாடறிந்த மகாகவியாகிவிட்டார். நினைவு மெருகேறியிருக்கும், ரூபாய்க் கணக்கு கூடக் குறைய இருக்கும். ஒப்புக்கொள்ளலாம். ஆனால் மெருகு ஏற்றுகிறவர்கள் பெருமையைத்தான் கூட்டுவார்கள். புடைவை ஒன்று, புத்தகம் வண்டி நிறைய என்ற அந்த விகிதத்தில் ஒரு பெண்ணின் ஏமாற்றம் அப்படியே இருக்கிறது. அதை அவர் துடைத்துப் போடவில்லை.

மூன்று மாதம்

1904 ஜூலை. மதுரையிலிருந்து வெளிவந்த ‘விவேகபாநு’ இதழில் பாரதியின் ‘தனிமை இரக்கம்’ அச்சாகிறது. அச்சில் வந்த அவருடைய முதல் கவிதை என்று ஆய்வாளர்கள் கொள்வது இதைத்தான். பிரிவைப் பற்றிய கவிதை. புதுக்குடித்தனக்காரர் தனிமையை ஏன் பாடினார் என்று கேட்டு, அதிலிருந்து வீட்டுச் சண்டைவரை கற்பனை செய்கிறவர்கள் உண்டு. ஒரு கவிதையைக் குடும்ப டைரியாகப் படிப்பது ஆபத்தான வேலை. இந்தக் கட்டுரைக்கு வேண்டியது அதன் பொருளல்ல, முகவரி. எட்டயபுரத்துச் சபையில் வாசித்துச் சால்வை வாங்கக்கூடிய கவிதையை அவர் மதுரைக்குத் தபாலில் அனுப்பினார். யாரென்று தெரியாத வாசகர்களை நோக்கி முதல் முறையாகத் திரும்பினார்.

அடுத்த மாதமே மனிதரும் போனார். ஆகஸ்ட் 1 முதல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். அதுவும் விடுப்பில் போன அரசஞ்சண்முகனாருக்குப் பதிலாகத் தற்காலிக வேலை. மாதச் சம்பளம் பதினேழரை ரூபாய்.

அவர் எதை விட்டு எதற்குப் போனார் என்பதைப் பார்த்தால் காரணம் தெரியும். தேசப்பற்றுதான் அவரைக் கிளப்பியது என்றால் நேரே சென்னைக்குப் போயிருப்பார், கல்கத்தாவுக்குக்கூடப் போயிருப்பார். இலக்கிய வேட்கை என்றால், ஓய்வும் நூல்களும் தாராளமாகக் கிடைத்த இடம் அரண்மனைதான். மன்னரின் மேல் வெறுப்பு என்றால், இன்னொரு வேலை உறுதியாகும்வரை பொறுத்திருக்கலாம். அவர் போனது, எப்போது முடியும் என்று தெரியாத ஒரு பதிலி ஆசிரியர் வேலைக்கு. அந்த வேலையில் அரண்மனையில் இல்லாத ஒரே ஒரு சௌகரியம் இருந்தது. முதல் தேதி என்று ஒன்று வரும். அன்று பதினேழரை ரூபாய் கைக்கு வரும். அதற்காக யாரையும் புகழ வேண்டியதில்லை. செல்லம்மாள் அப்போது முதல் குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தார். அவருக்கு வயது பதினான்கு. பாரதியை மேதை என்று மட்டும் பார்த்துப் பழகிவிட்டதால் மிகச் சாதாரணமான இந்தக் காரணம் நம் கண்ணுக்குப் படுவதில்லை: குழந்தை பிறக்கப் போகிறது, மாதம் ஒரு தொகை வேண்டும்.

கோவில்பட்டிவரை மாட்டு வண்டி, அங்கிருந்து மதுரைக்குச் சுமார் 100 கிலோமீட்டர் ரயில். கோவில்பட்டிவரை அது அப்பாவின் ஆலையிலிருந்து பஞ்சு போயிருக்க வேண்டிய அதே பாதை.

பள்ளி வேலை நவம்பர் 10-உடன் முடிந்தது. அதே நவம்பரில் ‘சுதேசமித்திரன்’ ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர் அவரை உதவியாசிரியராகச் சென்னைக்கு அழைத்துக்கொண்டார். ஆண்டு முடிவதற்குள் தங்கம்மாள் பிறந்தாள். எட்டயபுரத்துக் குடித்தனம் கலைந்தது.

இந்த இடத்தில் வாதத்தை முடித்துவிடலாம்தான். ஆனால் ஒரு தாள் குறுக்கே நிற்கிறது. பதினைந்து ஆண்டு கழித்து, 1919 மே மாதம், உடல் மெலிந்து, கையில் காசில்லாமல், பாரதி மறுபடியும் எட்டயபுரத்தில் நிற்கிறார். மன்னருக்குச் சீட்டுக்கவி எழுதுகிறார், ஒன்றல்ல, இரண்டு. சன்மானத்தில் வீடு நடத்த முடியாது என்று கண்டு வெளியேறியவர், மாதச் சம்பளத்தையும் பார்த்துவிட்ட பிறகு, அதே வாசலுக்கு ஏன் வந்தார்? அரண்மனையிலிருந்து பதில் வந்ததா?

அடுத்த வாரம்.